குடிப்பழக்கத்தை எதிர்த்து நின்ற தமிழர்: தோர்ணக்கல் பிஷப் அசரியா

செகந்திராபாத்திலிருந்து காசிப்பேட்டை, வாரங்கல் வழியாக விஜயவாடா செல்லும் ரயில் பாதையில் தோர்ணக்கல் என்று ஒரு ஜங்ஷன் உண்டு. சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்குக் கிளைப் பாதை பிரியும் இடம் அது. இரவு வண்டியில் ஊருக்குப் போகும் நம்மவர்கள் பலர் அந்த நிலையத்தைத் தூக்கத்திலேயே கடந்து விடுகிறார்கள். அந்தச் சிற்றூரில்தான் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு தமிழர் 35 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அங்கேயே கண் மூடினார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பிஷப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர்.

உலகம் அவரை முதல் இந்திய பிஷப் என்றே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் தெலங்கானா, கிருஷ்ணா பகுதிக் கிராமங்களில் அவர் செய்த வேலை வேறு. தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன குடியையும், கடனையும், சுகாதாரக் கேட்டையும் ஏழை மக்கள் தாங்களே விட்டொழிக்கும்படி அவர் பாடுபட்டார். கெட்ட பழக்கம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் எந்த மதத்தவரானாலும் அவர் வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பனங்காட்டில் பிறப்பு

1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி, திருநெல்வேலி மாவட்டத்தில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். பின்னர் குருப்பட்டம் பெற்று அதே கிராமத்தில் சபை குருவாகப் பணியாற்றினார். தாயார் பெயர் எலன். பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற மகன் என்பதால், பைபிளில் வரும் அன்னாளின் மகன் சாமுவேலின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்.

அவர் பிறந்த நாடார் சமூகத்தில் அந்நாளில் பெரும்பாலோருக்குப் பனைமரமே வாழ்வாதாரம். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது பதநீர். காய்ச்சினால் கருப்பட்டியாகி வீட்டுக்கு அரிசி வாங்கித் தரும். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகி, வீட்டு அரிசியைக் கொண்டு போய்விடும். கள்ளினால் அழிந்த குடும்பங்களையும் கருப்பட்டியினால் பிழைத்த குடும்பங்களையும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பார்க்கக்கூடிய ஊர்ப்புறம் அது.

1889இல் தந்தை காலமானார். தாயின் கண்டிப்பான வளர்ப்பில் மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பள்ளிப் படிப்பை முடித்த அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். சேலத்துக்காரரான கே. டி. பால் அங்கே அவருக்கு நண்பரானார். பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் தலைமைப் பொறுப்பு ஏற்றுக் கிராம மறுமலர்ச்சிப் பணியிலும் கூட்டுறவு நாணயச் சங்கப் பணியிலும் பெயர் பெற்றவர் இவரே. பரீட்சை சமயத்தில் உடல்நலம் கெட்டதால் அசரியா பட்டம் பெறவில்லை. பட்டம் இல்லாமலேயே வேலைக்குப் போன அவருக்கு, 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

முதலில் தன் வீட்டில்

1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலையில் சேர்ந்த அசரியா, தென்னிந்தியா முழுவதும் சுற்றி இளைஞர்களைச் சந்தித்தார். 1898இல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலருள் அவரும் ஒருவர். இத்திருமணத்தில் வரதட்சணை வாங்கவில்லை. ஊருக்காகச் செய்யும் ஆடம்பரமும் இல்லை.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கலியாணக் கடன் என்பதும் ஒரு பழக்கம்தான். குடிக்கிறவன் குடியை விட முடியாமல் தவிப்பது போலவே, கௌரவமான குடும்பங்கள் இந்தக் கடன் பழக்கத்தை விட முடியாமல் தவிக்கின்றன. பின்னாளில் ஏழை விவசாயக் கூலிகளைப் பார்த்துக் கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள் என்று புத்தி சொல்லும் தகுதி அசரியாவுக்கு இருந்தது. அவர் அதைத் தன் வீட்டில் முதலில் செய்து காட்டியிருந்தார்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ் மாணவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஒரு மிஷனரிச் சங்கம் நடத்தி, கடல் கடந்து தமிழ்நாட்டில் தொண்டி பகுதியில் ஊழியம் செய்து வந்தார்கள். இதைக் கண்ட அசரியாவுக்கு வெட்கமாயிற்று. வெளிநாட்டாரின் பணத்தையே எதிர்பார்த்துக் கிடப்பதும் ஒரு கெட்ட பழக்கமே என்று அவர் உணர்ந்தார். ஊர் திரும்பியதும் நண்பர்களோடு சேர்ந்து 1903 பிப்ரவரி 12ஆம் தேதி திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார். தமிழர்கள் பணம் கொடுத்து, தமிழர்களே நடத்திய சங்கம் அது. நிஜாம் அரசுப் பகுதியில் தோர்ணக்கல் வட்டாரத்தை அது தனக்கு வேலைக்களமாக எடுத்துக்கொண்டது. 1905 டிசம்பர் 25ஆம் தேதி செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கம் தோன்றியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறரை அனுப்பிவிட்டுத் தான் வசதியாக இருப்பது அவருக்குப் பொருந்தவில்லை. 1909இல், 35 வயதை எட்டும் நேரத்தில், நல்ல வேலையை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்துடன் தோர்ணக்கல்லுக்கு வந்து சேர்ந்தார். அந்த வயதில் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்று, பிறகு தெலுங்கிலேயே போதிக்கவும் நூல்கள் எழுதவும் தேர்ச்சி பெற்றார். பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்தவர்களுக்கு அந்தச் சிரமம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆண்டே, 1910இல், எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியருக்காகப் பொருளையும் உயிரையும் கொடுத்தாலும் சரிசமமான நட்பைக் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னது பலரைச் சங்கடப்படுத்தியது. அந்தப் பேச்சு இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38.

நான்கு பேய்கள்

தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின் மக்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தவர். ஊருக்கு வெளியே குடியிருப்பு. நிலம் கிடையாது. தொரைகளுக்கும் தேஷ்முக்குகளுக்கும் கூலியில்லாமல் உழைக்கும் வெட்டி வேலை. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் பண்ணையாளாக இருந்த காலம். ஊர்த் திருவிழாவில் தப்பு அடிப்பதற்கும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதற்கும் அவர்களுக்குக் கிடைத்தது பல இடங்களில் கள்ளும் அந்த மாட்டிறைச்சியும்தான்.

குடிப்பதற்கு வசதி மட்டும் தாராளமாக இருந்தது. பனங்கள், ஈச்சங்கள், இலுப்பைப் பூச் சாராயம் மூன்றும் அங்கே மலிவு. நிஜாம் அரசின் வருமானத்தில் அப்காரி வரிக்குப் பெரிய பங்கு இருந்தது. கடையைக் குத்தகை எடுத்தவருக்கு லாபம்; அரசுக்கு வரி; குடிக்கிறவனுக்கோ ஒருநாள் மறதி.

இந்த நிலையைப் பார்த்த அசரியா, அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் கிராமங்களைப் பிடித்திருக்கும் நான்கு பேய்கள் என்று கருதினார். நான்கும் ஒன்றையொன்று கைபிடித்து வருபவை. குடித்தவன் கடன் வாங்குகிறான். கடன்பட்டவன் வீட்டைப் பழுது பார்ப்பதில்லை. சுத்தமில்லாத வீட்டில் நோய் வருகிறது. நோய் வந்தால் வேலை போகிறது. வேலை போன கவலையில் மறுபடியும் குடி. ஆகவே குடியை மட்டும் தனியாகப் பிடித்துத் துரத்த முடியாது என்பதை அவர் தெரிந்துகொண்டார்.

காலி வீடு

இயேசு சொன்ன உவமை ஒன்று உண்டு. ஒரு மனிதனை விட்டுப் போன பேய், சில நாள் கழித்துத் திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கிச் சுத்தமாக, ஆனால் காலியாகக் கிடக்கிறது. உடனே அது தன்னைவிடப் பொல்லாத ஏழு பேய்களைக் கூட்டிவந்து குடியேறுகிறது. அந்த மனிதனின் நிலைமை முன்னைவிட மோசமாகிறது. கெட்ட பழக்கத்தை விடுவதைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்லும் பாடத்தின் சாரம் இந்த உவமையில் இருக்கிறது. பேயைத் துரத்தினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் நல்லதைக் குடியேற்ற வேண்டும். தோர்ணக்கல்லில் நடந்த வேலையைக் கவனித்தால், அது அப்படியே இந்த வழியில் போயிருப்பது தெரியும்.

குடிப்பவனுக்கு மாலைப்பொழுதுதான் ஆபத்தான நேரம். வேலை முடிந்து உடம்பு அலுத்திருக்கும். கால் தானாகக் கடைப் பக்கம் போகும். கிராமச் சபைகளில் அந்த மாலை நேரம் ஜெபத்துக்கும் பாட்டுக்கும் உரியதாக ஆயிற்று. ஒரு கூரைக் கொட்டகை, ஒரு லாந்தர் விளக்கு, ஒரு உபதேசியார், தெலுங்கு மெட்டில் பாட்டு. எழுத்தறியாதவர்களும் பாட்டாகவே பைபிள் கதைகளைக் கற்றுக்கொண்டார்கள். அதே கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது.

திருவிழாவும் அவ்விதமே. ஜாத்திரையும் ஊர்வலமும் ஆட்டமும் இல்லாமல் கிராமத்து மனிதனால் இருக்க முடியாது என்பதை அசரியா அறிந்திருந்தார். எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால் மக்கள் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். ஆகவே அறுப்பின் பண்டிகையையும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையும் இந்திய முறையிலேயே மேளதாளத்தோடு நடத்த ஊக்கம் கொடுத்தார். கொண்டாட்டம் இருந்தது, கள் மட்டும் இல்லை.

பணத்துக்கும் ஒரு புதிய வழி காட்டப்பட்டது. அதுதான் பிடியரிசி. வீட்டுப் பெண் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி தானியத்தை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வாரக் கடைசியில் அது காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். பரம ஏழையும் கொடுக்க முடியும், கொடுத்தால்தான் தன்மானம் வளரும் என்பது அசரியாவின் உறுதியான கொள்கை. கிறிஸ்தவக் காணிக்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பல மொழிகளில் வெளிவந்தது. பிறரிடம் வாங்கியே பழகியவர்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். கையிலிருந்த காசு நேராகக் கள்ளுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த வீடுகளில் சேமிப்பு என்ற எண்ணம் பிறந்தது.

அடுத்தது பெண்கள். தோர்ணக்கல்லில் குருமாருக்கும் உபதேசியாருக்கும் பயிற்சி கொடுத்தபோது, அவர்களுடைய மனைவியரும் கூடவே இருந்து பயிற்சி பெற்றார்கள். அன்பு மரியம்மாள் இந்த வேலையில் முன்நின்றார். குழந்தை வளர்ப்பு, வீட்டுச் சுத்தம், எழுத்துப் படிப்பு ஆகியவை அவர்கள் மூலம் கிராமங்களுக்குப் போயின. புருஷன் குடியை விட வேண்டுமானால் வீட்டில் மனைவிக்குத் துணை வேண்டும். அந்தத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

கடைசியாக, சபைக் கட்டுப்பாடு. மறுபடி குடித்துத் தவறியவனைச் சபைப் பஞ்சாயத்து அழைத்து விசாரிக்கும். சில காலம் நற்கருணையிலிருந்து விலக்கி வைக்கவும் செய்யும். ஆனால் அவன் மனம் வருந்தி வந்தால் கதவு திறந்தே இருக்கும். கண்டிப்பும் மன்னிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது பிஷப்பின் முறை.

அக்கம்பக்கத்தார் கண்ட சாட்சி

பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. ஆனால் அதைக் கூர்ந்து கவனித்தவர்கள் அதே ஊர்களில் இருந்த மேல்சாதி விவசாயிகள். நேற்றுவரை குடித்து விழுந்து கிடந்தவன் இன்று வெள்ளைத் துணியுடுத்தி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கடனை அடைக்கிறானே என்று வியந்தார்கள். 1930களில் அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர முன்வந்தார்கள். 1935 அளவில் தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இந்த வளர்ச்சி சர்ச்சையையும் கொண்டு வந்தது. ஏழைகள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவது ஆன்மிகக் காரணத்தால் அல்ல என்று காந்தியடிகள் 1936, 1937ஆம் ஆண்டுகளில் தம்முடைய ஹரிஜன் பத்திரிகையில் கடுமையாக எழுதினார். ஏழைக்கும் ஆன்மா உண்டு, தன் வழியைத் தேர்ந்தெடுக்க அவனுக்கும் உரிமை உண்டு என்பது அசரியாவின் நிலை. இருவரும் கடைசி வரை இந்த விஷயத்தில் உடன்படவில்லை. எனினும் மது ஏழையின் எதிரி என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் இதே காலத்தில்தான்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஒரு பாடம் கிடைத்தது. அந்நாடு 1920 முதல் மதுவைச் சட்டத்தால் தடுத்துப் பார்த்து, 1933இல் கைவிட்டது. 1935இல் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து குடியை விடத் தீர்மானித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற உலகளாவிய அமைப்பு. தனி ஆளின் வைராக்கியத்தைவிடக் கூட்டுத் துணைக்கு பலம் அதிகம் என்பது அவர்கள் கண்ட அனுபவம். தோர்ணக்கல் கிராமங்கள் அதை ஏற்கெனவே தங்கள் பாணியில் செய்துகொண்டிருந்தன.

வெல்ல முடியாத பழக்கம்

எல்லாம் வெற்றி என்று சொல்வது உண்மையாகாது. சில ஊர்களில் சில வருஷங்களிலேயே பழைய நிலை திரும்பியது. பஞ்ச காலத்தில் மறுபடி கடன் ஏறியது. குடியைவிடப் பிடிவாதமான ஒரு பழக்கம் சாதி வேற்றுமை. மாலாவும் மாதிகாவும் ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் சேர்ந்து உட்காரவும் பெண் கொடுத்து எடுக்கவும் தயங்கினார்கள். அசரியா வாழ்நாள் முழுவதும் இதை எதிர்த்துப் பேசினார். முழுமையாக வெல்ல அவரால் முடியவில்லை. அவருடைய கண்டிப்பு அதிகம் என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

ஆனால் அவர் சலித்துப் போய் விட்டுவிடவில்லை. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் கிராமம் கிராமமாகச் சென்றுகொண்டே இருந்தார். தவறி விழுந்த சபையைத் தேடி மறுபடியும் போவார். ஒரே நாளில் கெட்ட பழக்கம் போய்விடும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய எபிபனி பேராலயமும் இப்படித்தான் பல ஆண்டுகள் சிறுகச் சிறுக வளர்ந்தது. இடையில் முதல் உலகப் போர் வந்து வேலை நின்றதுண்டு. 1939 ஜனவரி 6ஆம் தேதி அதன் பிரதிஷ்டை நடந்தது. கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் கோபுரங்களும் சேர்ந்தாற்போன்ற அமைப்பு அதற்கு. ஏழைகளின் காணிக்கையும் உழைப்பும் அதில் கலந்திருக்கின்றன.

1944 டிசம்பரில் சுற்றுப்பயணத்திலிருந்து திரும்பிய அசரியா காய்ச்சலில் படுத்தார். 1945 ஜனவரி 1ஆம் தேதி, எழுபதாவது வயதில், தோர்ணக்கல்லிலேயே காலமானார். அவர் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் 1947 செப்டம்பர் 27ஆம் தேதி நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

நமக்கு என்ன?

ஊரை விட்டு வந்து தனி அறையில் நாலு பேரோடு தங்கியிருப்பவர்களுக்கும், சம்பள நாளன்று கையில் காசும் மனதில் தனிமையும் சேர்ந்து வருபவர்களுக்கும் இந்த வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. நாளை முதல் குடிக்க மாட்டேன், சீட்டாட மாட்டேன் என்று சபதம் எடுப்பது எளிது. மாலை ஆறு மணிக்கு அந்தச் சபதம் மட்டும் தனியாக நின்றால் தாக்குப்பிடிக்காது. அந்த ஆறு மணிக்கு வேறொரு வேலை வேண்டும்; கூட ஒருவர் வேண்டும். சம்பளத்தில் முதல் பிடியை ஊருக்கு மணியார்டராகவோ சேமிப்பாகவோ எடுத்து வைத்துவிட வேண்டும். தவறினால் வெட்கப்பட்டு ஒதுங்காமல் மறுநாளே திரும்பி வர வேண்டும்.

எழுத்தறியாத கூலி மக்கள், வட்டிக்காரனும் சாராயக் குத்தகைக்காரனும் எதிரே நிற்க, இதைச் செய்து காட்டினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வழி சொன்னவர் நம் ஊர்த் தமிழர் ஒருவர். அடுத்த முறை விஜயவாடா வண்டி தோர்ணக்கல்லைத் தாண்டும்போது, விழித்திருப்பவர்கள் அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.